பதினேழாம் கேள்வியை எடுக்காதீங்க

போன வாரம் கீர்த்தனா ஃபோன் பண்ணுச்சு. நான் வேலை பார்த்த சென்னீர்குப்பம் ஃபேக்டரியில இப்ப குவாலிட்டி பிரிவுல இருக்கிற பொண்ணு. ஊரு மதுரைப் பக்கம், வானகரத்துல ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருக்கு.

"சார், நம்ம குழாய் செக்லிஸ்ட்டை எல்லாம் டேப்லெட்டுக்கு மாத்திக்கிட்டிருக்கோம். மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. அதுல பதினேழாவது மட்டும் யாருக்கும் புரியல. எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

"இன்னா போட்டிருக்கு, படிம்மா." எனக்கு அது மனப்பாடம். இருந்தாலும் கேட்டேன்.

"'ஜாயிண்ட்டின் மேலோ அருகிலோ யாராவது எதையாவது கட்டியிருக்கிறார்களா? கட்டியிருந்தால் என்ன?' இதான் சார். மீட்டிங்ல ஒரே சிரிப்பு. குழாயில யாரு மாட்டைக் கொண்டாந்து கட்டப் போறாங்கன்னு."

நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்புறம், "எடுக்காதீங்கம்மா. ஏன்னு எழுதி அனுப்பறேன்"னு சொல்லி வெச்சுட்டேன். வாயால சொல்லியிருக்கலாம். ஆனா பக்கத்து ரூம்ல என் வீட்டுக்காரி மல்லிகா டீவி பாத்துக்கிட்டிருந்தா.

என் பேரு ஏகாம்பரம், ஆவடிக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஷெட்ல கிரைண்டிங் மிஷின் புடிச்சு ஆரம்பிச்சவன். வெல்டர் பத்த வைப்பான், நான் தேய்ப்பேன். கண்ணுல இரும்புத்தூள் விழுந்து விழுந்து வெறுத்துப்போயி, சாயங்கால கிளாஸுக்குப் போனேன். வெல்டிங்ல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு சர்டிஃபிகேட் வாங்கினேன். பல வருஷம் கான்ட்ராக்ட்ல ஊர் ஊரா சுத்திட்டு, கடைசியா இந்த ஃபேக்டரியில நெலைச்சேன். என் படிப்புக் கதை இவ்ளோதான்.

என் வேலை இன்னான்னு யாராவது கேட்டா, பயப்படுறதுன்னு சொல்லுவேன். மத்தவங்க குழாயைப் பாத்தா தண்ணி எங்க போவுதுன்னு பாப்பாங்க. நான் எங்க பிளக்கும்னு பாப்பேன். கோயிலுக்குப் போனாக்கூட மண்டபத்து மூலையில விரிசல் இருக்கான்னு பாக்கிற ஆளு. "சாமியைப் பாருயா, சுவத்தைப் பாக்காத"ன்னு மல்லிகா இடுப்புல இடிப்பா.

எங்க ஃபேக்டரியில மால்ட் பவுடர் தயாராவுது. டேங்குங்களைக் கழுவவும் சூடேத்தவும், கொதிநிலைக்கு மேல சூடான வெந்நீர் பிரஷர்ல குழாய்க்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். வெளியில வந்தா அடுத்த நொடி ஆவியா வெடிச்சுப் பரவும். எதிர்ல நிக்கிறவன் தோலு கையோட வரும். பாயிலர் பக்கம் இருக்கிறது சாதா இரும்புக் குழாய். சாப்பிடற பொருள் படுற பக்கம் ஸ்டெயின்லெஸ் குழாய். ரெண்டும் எங்கியாவது ஒரு இடத்துல சேரணும் இல்லியா? அந்த மாதிரி ஜாயிண்ட் எங்க லைன்ல பதினொண்ணு.

சூடு ஏறினா ஸ்டெயின்லெஸ் கூடுதலா நீளும், இரும்பு கொஞ்சமா நீளும். நடுவுல இருக்கிற வெல்டிங், மாமியாருக்கும் மருமவளுக்கும் நடுவுல மாட்டின புள்ள கணக்கா, ரெண்டு பக்க இழுப்பையும் தாங்கிக்கிட்டு நிக்கும். இழுப்பும் சூடும் இருக்கிற எடத்துல உப்பு பட்டுச்சோ, போச்சு. ஸ்டெயின்லெஸ் துருப் புடிக்காது, அது நெசம்தான். ஆனா உப்பு பட்டா வெடிக்கும். மேல பளபளன்னு இருக்கும், உள்ள கிளை விட்டு கிளை விட்டு விரிசல் ஓடும். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம பொளந்துக்கும்.

அதனால உப்புன்னா எனக்கு எமன். ஸ்டோர்காரரு ஒரு தரம் ஸ்டெயின்லெஸ் மேல எழுத சாதா மார்க்கர் பேனாவைக் குடுத்துட்டாரு. அந்த மையில உப்புச் சத்து இருக்கும். அந்தப் பேனாவுக்காக அவரோட மூணு நாள் பேசாம இருந்தேன். குழாயை டெஸ்ட் பண்ண போர்வெல் தண்ணி லாரி வந்தப்ப கேட்டுலயே மறிச்சு திருப்பி அனுப்பினேன். வேர்த்த கையோட குழாயைத் தொட்டா திட்டுவேன். "இன்னா அண்ணாத்தே, குழாய்க்கு ரத்தக்கொதிப்பா? உப்பே ஆவாதுங்கிற!"ன்னு கேலி பண்ணுவான் எங்க வெல்டர் டில்லி. பண்ணிட்டுப் போவட்டும்னு இருப்பேன்.

எங்க குவாலிட்டித் தலைவர் சாரதா மேடம். கோயம்புத்தூர்காரங்க. அவங்க குரலை ஒசத்தி நான் கேட்டதே இல்ல. ரிப்போர்ட்டை நீட்டினா பேப்பரைப் பாக்க மாட்டாங்க, மொதல்ல நம்ம மூஞ்சியைப் பாப்பாங்க. "ஏகாம்பரம், பாத்தீங்களா, நெனச்சீங்களா?" இந்த ஒரு கேள்விதான். பாத்தேன்னு சொன்னா பென்சில்ல டிக் போடுவாங்க. அப்புறம் அவங்களே டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கிட்டு ஏணி ஏறிப் பாத்துட்டு வந்து பேனாவுல போடுவாங்க. ஒரு தரம் "அநேகமா நல்லாதான் இருக்கும் மேடம்"னு வாய்தவறிச் சொல்லிட்டேன். "அந்த அநேகமாவை எந்த வால்வு போட்டு மூடறதுங்க?"ன்னு கேட்டு பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. திட்டினாக்கூட தாங்கிடலாம். அந்த 'ங்க'வைத் தாங்கவே முடியாது.

அவங்க கொண்டாந்த வழக்கம் ஒண்ணு இருந்துச்சு. எந்த ஜாயிண்ட் நல்லா இருக்குன்னு நாம கையெழுத்து போடறோமோ, லைனைத் திரும்ப ஓடவிடும்போது முதல் பத்து நிமிஷம் அதுக்கு நேர் கீழ நாம நிக்கணும். மேடமும் கூட நிப்பாங்க. எந்தப் புஸ்தகத்துலயும் இது கிடையாது, பாதுகாப்புக்காரங்க பாத்தா தலையில அடிச்சுப்பாங்க. ஆனா கீழ நிக்கணும்னு தெரிஞ்சவன் மேல எப்படிப் பாப்பான்? எனக்கு அந்தப் பத்து நிமிஷமும் முதுகெலும்புல வேர்வை ஓடும்.

பூந்தமல்லி ரோட்டுல மெட்ரோ தூண் நட்டுக்கிட்டிருந்த சமயம். பேக்கிங் ஹால்ல இருந்து கேன்டீனுக்குப் போற பாதைக்கு மேல இருக்கிற ஜாயிண்ட் ஒண்ணு, மதியச் சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி பொளந்துச்சு. அப்ப அந்தப் பக்கமா போனது ஆபரேட்டர் கன்னியப்பன் ஒருத்தன்தான். பட்டுனு ஒரு சத்தம், அப்புறம் விசில் மாதிரி ஒரு இரைச்சல், அப்புறம் அவன் குரல். புகை மூட்டத்துல ஆளு தெரியல, குரல் மட்டும் கேக்குது. வால்வை மூடிட்டு உள்ள ஓடினோம். முதுகோட ஒட்டியிருந்த சட்டையைக் கழட்ட வேணாம்னு கத்தினது நான்தான். உயிர் பொழைச்சான். இப்ப நசரத்பேட்டையில அண்ணன் கடையில உக்காந்திருக்கான். வெயில்ல நிக்க முடியாது அவனால.

நாங்க சேர்றதுக்கு முன்னாடி எவனோ உலோகம் ஒத்துப்போவுதான்னு பாக்காம கையில கெடைச்ச ராடைப் போட்டு வெல்டிங் அடிச்ச ஜாயிண்ட் அது. பிளந்த காரணம் அதான்னு ஆராய்ச்சியில தெரிஞ்சுது. ஆனா காரணம் தெரிஞ்சா பயம் போயிடுமா? எனக்குப் போகல. ஏன்னா மல்லிகா அந்த பேக்கிங் ஹால்லதான் பாக்கெட் ஒட்டற வேலையில இருந்தா. பத்து நிமிஷம் கழிச்சுப் பொளந்திருந்தா, கையில டிபன் பாக்ஸோட, அவதான் அந்தக் கூட்டத்துல மொத ஆளா வந்திருப்பா. அவ எப்பவும் மொத ஆளுதான், பசி தாங்க மாட்டா.

"பின்பக்கமா சுத்திக்கினு போயேன்டி"ன்னு கெஞ்சினேன்.

"அர மணி நேரம்தான் சாப்பாட்டு டயம். சுத்திக்கினு போனா பாதி நேரம் காலுலயே பூடும். நீதான் பெரிய இஞ்சினீரு கணக்கா பாத்துகினு கீறியே, அப்புறம் இன்னா பயம்?"

இஞ்சினீரு கணக்கா பாக்கிறவனுக்குத்தான்டி பயம்னு சொல்ல நெனச்சேன். சொல்லல.

புது ஜாயிண்ட்டை டில்லிதான் போட்டான். ரெண்டு உலோகத்துக்கும் ஒத்துப்போற ராடை சூட்டடுப்புல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து, சுத்து சுத்தா, ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல ஆற விட்டு ஆற விட்டுப் போட்டான். ஒவ்வொரு சுத்தையும் நான் பாத்தேன். "இன்னா நைனா, பொண்ணுக்கு மாப்ள பாக்கிறாப்புல பாத்துகினு கீற"ன்னான். "இதுக்குக் கீழ உன் அண்ணி நடக்குது டில்லி"ன்னேன். அப்புறம் அவன் கேலி பண்ணல, ஹெல்மெட்டை இறக்கிக்கிட்டான். வேலை பழுதில்லாம முடிஞ்சுது. நானும் மேடமும் கீழ நின்னோம். பத்து நிமிஷம் ஆச்சு, ஒண்ணும் ஆவல.

ஆனா அன்னியில இருந்து எனக்கு சோறு இறங்கல. சாப்பாட்டு மணி அடிக்கிறப்ப எங்க இருந்தாலும் காது அந்தப் பக்கம் போயிடும். பட்டுனு ஒரு சத்தம் வருமான்னு. ஒரு நாள் கேன்டீன்ல யாரோ தட்டைக் கீழ போட்டதுக்கு எழுந்து ஓடினேன். எல்லாரும் பாத்தாங்க. வெக்கமா இருந்துச்சு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மொத நாள், பூந்தமல்லி மார்க்கெட்ல சிவப்புத் துணி மூட்டை வாங்கினேன். அரைக் கிலோ கல் உப்பு, ஒரு கட்டி படிகாரம், காஞ்ச மொளகா. கடை வாசல்ல, புது வீட்டு வாசல்ல எல்லாம் தொங்குமே, அதான். மறுநாள் காலையில எல்லாரும் மிஷினுக்கு சந்தனம் வெச்சுக்கிட்டிருக்கிறப்ப, ஏணி போட்டு ஏறி, அந்த ஜாயிண்ட்டுக்கு நேர் மேல குழாயைத் தாங்குற கம்பியில கட்டிட்டு இறங்கினேன். யாரும் பாக்கலைன்னு ஒரு சந்தோஷம் வேற.

படிக்கிற உனக்கு இப்பவே தெரிஞ்சிருக்கும் கீர்த்தனா. எனக்குத் தெரியல. உப்புன்னு உனக்குத் தோணவே இல்லியாடான்னு என்னை நானே ஆயிரம் தரம் கேட்டாச்சு. சத்தியமாத் தோணல. மார்க்கர் பேனாவுல இருந்தா அது உப்பு. லாரித் தண்ணியில இருந்தா அது உப்பு. சிவப்புத் துணியில இருந்தா அது திருஷ்டி. ஏணி ஏறினவன் இன்ஸ்பெக்டர் இல்ல, மல்லிகா புருஷன். அவனுக்கு அன்னிக்கு மூளை வேலை செய்யல.

அதுக்கப்புறம் அந்த மூட்டையை யாரும் தொடல. பெயின்ட் அடிக்கிறவன் வந்தான், அதைச் சுத்தி அடிச்சுட்டுப் போனான். ஒட்டடை அடிக்கிற அம்மா தொடப்பத்தை அது பக்கம் கொண்டு போகல. யாரோ ஒரு வெள்ளிக்கிழமை குங்குமம் வெச்சிருந்தாங்க. திருஷ்டி கழிக்கக் கட்டினதை அவுத்தா அவுத்தவன் தலையில ஏறும்னு பயம். ஃபேக்டரி முழுக்க நூத்துக்கணக்கான பேரு, அத்தனை பேருக்கும் அதே பயம்.

மழைக்காலம் வந்துச்சு, போச்சு. மாசம் பத்து ஓடிடுச்சு.

ஒரு மதியம் கேன்டீன்ல சாம்பார் சாதத்துல கை வெச்சிருக்கேன், மல்லிகா எதிர்ல வந்து உக்காந்து மணிக்கட்டை நீட்டினா. சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி.

"இத்த பாருயா. மேல இருந்து ஒரு சொட்டு உழுந்துச்சு. காக்கா எச்சம்னு தொடைக்கப் போனேன், சுட்டுடுச்சு!"ன்னு சிரிக்கிறா.

"எங்க?"

"அதான், உன் ஜாயிண்ட்டுக்குக் கீழ."

கை கழுவினேனா இல்லியான்னு இன்னிக்கும் ஞாபகம் இல்ல. ஓடிப்போயி பாத்தா, பொம்பளைங்க ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கிட்டே அதுக்குக் கீழதான் வந்துக்கிட்டிருக்காங்க. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நடுப்பாதையில நின்னு கத்தினேன். இன்னா கத்தினேன்னு தெரியல, என் குரல் எனக்கே அடையாளம் தெரியல. மேல, குழாயை மூடியிருக்கிற அலுமினிய உறையோட விளிம்புல அடுத்த சொட்டு திரண்டு நின்னுது.

மேடம் வந்தாங்க, கூடவே புரொடக்‌ஷன் மேனேஜரும் வந்தாரு. "ஒரு சொட்டுக்காக லைனை நிறுத்தணுமா? இன்னும் நாலு மணி நேரத்துல பேட்ச் முடிஞ்சுடும்"ன்னாரு.

"சரிங்க. அந்த நாலு மணி நேரம் நீங்க இதுக்குக் கீழ உக்காருங்க. நாற்காலி கொண்டுவரச் சொல்றேன்"னாங்க மேடம், அதே மெதுவான குரல்ல. அவரு மேல பாத்தாரு. போயி லைனை நிறுத்தச் சொன்னாரு.

குழாய் ஆற ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆறும்போது உலோகம் சுருங்கி டிக் டிக்குனு சத்தம் போடும். ஒவ்வொரு டிக்குக்கும் என் தோள் தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் ஏணி ஏறினேன். கண்ணுக்கு நேரா அந்த சிவப்பு மூட்டை. நான் கட்டினப்ப தேங்கா அளவுக்கு இருந்தது, இப்ப சுருங்கி எலுமிச்சம்பழம் அளவுக்குத் தொங்குது. மீதி உப்பு எங்க போச்சு?

கம்பியில வெள்ளையா ஒரு கோடு இறங்கியிருந்துச்சு. அது அலுமினிய உறையோட இடுக்குல போயி முடிஞ்சுது. மழை ஈரத்துல உப்பு கசிஞ்சு, சொட்டுச் சொட்டா உள்ள போயிருக்கு. உறையைக் கழட்டி, சூடு காக்கிற பஞ்சை உரிச்சேன். ஊறிப் போயிருந்துச்சு. குழாய் மேல வெள்ளைப் படிவு. விரலால தொட்டு நாக்குல வெச்சேன்.

உப்பு.

ஏணியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். கீழ "இன்னா அண்ணாத்தே, இன்னா?"ன்னு டில்லி கேக்கிறான். மை டப்பாவைக் குடுன்னு கையை நீட்டினேன்.

வெடிப்பைக் காட்டிக் குடுக்கிற மை சோதனையைப் பண்ணித்தான் ஆவணும். படிவைத் தொடைச்சு, காய விட்டு, சிவப்பு மையை அடிச்சேன். வெடிப்பு இருந்தா மை அதுக்குள்ள ஊறணும், அதுக்குக் கால்மணி நேரம் காத்திருக்கணும். அப்புறம் மேல இருக்கிற மையைத் தொடைக்கணும். அவசரப்பட்டு தொடைக்கிற மருந்தைக் குழாய் மேல நேரா அடிச்சா உள்ள ஊறினதும் கழுவிக்கிட்டுப் போயிடும். துணியை நனைச்சு, ஒரே பக்கமா இழுத்துத் தொடைக்கணும். குழாய் சுத்தமா ஆச்சு. ஒண்ணுமே இல்லாத மாதிரி மின்னுச்சு. அப்புறம், உள்ள ஊறின மையை வெளிய இழுக்கிற வெள்ளைப் பொடியை மெல்லிசா தூவிட்டு, காத்திருந்தேன்.

முதல்ல ஒரு சிவப்புப் புள்ளி வந்துச்சு. அப்புறம் கோடு. கோட்டுல இருந்து கிளை, கிளையில இருந்து கிளை. வெல்டிங்ல இல்ல, வெல்டிங்கை ஒட்டி ஒரு விரக்கடை தள்ளி, ஸ்டெயின்லெஸ் பக்கம், குழாயைச் சுத்தி பாதி தூரத்துக்கு. இன்னும் ரெண்டு நாளோ மூணு நாளோ, இல்ல அடுத்த சாப்பாட்டு மணியோ. இதுக்குக் கீழ பத்து மாசமா தினம் ரெண்டு வேளை அவளை நடக்க விட்டிருக்கேன். மரணத்தை வாங்கிட்டு வந்து அவ தலைக்கு மேல கட்டினவன் நான்.

மேடம் ஏணி ஏறி வர்றதுக்குள்ள மூட்டையை அவுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். நல்லவன்னு என்னை நெனச்சுடாத. அந்த நிமிஷம் திருடன்தான்.

மேடம் பூதக்கண்ணாடி வெச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. "உப்பு வேலைங்க இது. எங்க இருந்து வந்துச்சு?"

"தெரியல மேடம்."

வழக்கமான கேள்வியைக் கேப்பாங்கன்னு காத்திருந்தேன். கேக்கல. ஜாயிண்ட்டை வெட்டி எடுத்துட்டு மறுநாள் மதியத்துக்குள்ள புதுசு போட்டு ஓட்டறதுன்னு முடிவாச்சு. புரொடக்‌ஷன் மேனேஜர், "அந்த டில்லி வெல்டிங்தானே? இனி வேற ஆளைப் போடுங்க"ன்னாரு. டில்லி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்பவும் நான் வாயைத் திறக்கல.

சாயங்காலம் மல்லிகாவை வண்டியில ஏத்திக்கிட்டு ஆவடிக்குத் திரும்பினோம். பாக்கெட்ல இருந்த மூட்டை என் வேர்வையில கசிஞ்சு தொடையில ஈரமா ஒட்டுது. பின்னால இருந்து அவ காதுகிட்ட சொல்றா, "யாரோ புண்ணியவான் கட்டின மூட்டைதான்யா என்னைக் காப்பாத்திச்சு. இல்லாங்காட்டி ஒரு சொட்டோட உட்டிருக்குமா? நல்லவேள, பம்பு ரூம்லயும் ஒண்ணு கீது."

வண்டியை ஓரம் கட்டினேன். "எங்க கீது?"

"பம்பு ரூம்ல. இன்னாத்துக்கு இப்படி மொறைக்கிற? சும்மா பாத்தேன்."

பம்ப் ரூம்லயும் அதே மாதிரி ஜாயிண்ட் இருக்கு. தினமும் நான் உக்காந்து ரீடிங் எழுதற மேஜைக்கு நேர் மேல. அங்க மூட்டை எதையும் நான் பாத்ததே இல்ல. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. நான் வாயை மூடிக்கிட்டிருந்தா ஒரு ஜாயிண்ட்டை மட்டும் மாத்துவாங்க. மத்த எடத்துல எது தொங்குதோ, யாருக்குத் தெரியும்? நாளைக்கு லைன் ஓடும், மணி அடிக்கும், இவ டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு மொத ஆளா நடப்பா.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்கினதும் மேடம் ரூமுக்குப் போனேன். பாக்கெட்ல இருந்ததை எடுத்து மேஜை மேல வெச்சேன். துணி அவுந்து, கறுத்துப் போன மொளகாயும் கொஞ்சம் உப்பும் கண்ணாடி மேல கொட்டுச்சு.

"நான்தான் மேடம் கட்டினேன். மல்லிகா அந்த வழியா போறான்னு. பயத்துல கட்டிட்டேன். டில்லி மேல ஒரு தப்பும் இல்ல. மத்த ஜாயிண்ட்டுங்களைப் பாக்காம லைனை ஓட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." அழக்கூடாதுன்னுதான் போனேன். அழுதுட்டேன்.

மேடம் அந்த உப்பையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க.

"பத்து மாசமா தினமும் அந்த வழியாத்தான் நானும் போனேங்க ஏகாம்பரம். அந்த மூட்டையை தினமும் பாத்தேன். நெனைக்கல."

எத்தனையோ வருஷம் அவங்ககிட்ட வேலை பாத்திருக்கேன். அவங்க தன் தப்புன்னு சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன்.

அன்னிக்கு மத்த பத்து ஜாயிண்ட்டையும் திறந்தோம். ஒன்பதுல ஒண்ணும் இல்ல. பம்ப் ரூம்ல ஏணி போட்டு ஏறினேன். கேபிள் போற தட்டுக்குப் பின்னாடி, கீழ இருந்து பாத்தா தெரியாத எடத்துல, ஒரு மூட்டை. சிவப்புத் துணி இல்ல. கடுகு மஞ்சள், பச்சை பார்டர். மல்லிகா தங்கச்சி கல்யாணத்துக்கு ஜாக்கெட் தச்சப்ப மிச்சம் விழுந்த துணி அது. அந்தத் துணியில ஒரு துண்டு எங்க வீட்டுல உப்பு டப்பாவுக்கு மூடியா கட்டியிருக்கும்.

கீழ இருந்து பாத்தா தெரியாத மூட்டை அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அப்பப் புரிஞ்சுது. நான் அவளுக்காக பயந்து கட்டியிருக்கேன். அவ எனக்காக பயந்து, பம்ப் மேல ஏறி நின்னு கட்டியிருக்கா. கன்னியப்பன் வெந்தப்ப அவளும் உள்ளுக்குள்ள செத்துதான் போயிருக்கா. சிரிச்சு சிரிச்சு என்னை ஏமாத்தியிருக்கா, பாவி.

மை சோதனை போட்டேன். அங்கியும் சிவப்புக் கிளை. இன்னும் முழுசா ஊடுருவல. அதுக்குக் கீழ என் நாற்காலி இருந்துச்சு.

இறங்கினப்ப மேடம் கையை நீட்டினாங்க. மூட்டையைக் குடுத்தேன். துணியைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாங்க. ஆயுத பூஜைக்கு மல்லிகா அந்த மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வருவா, அவங்களும் பாத்திருக்காங்க.

"இதுவும் நீங்க கட்டினதுதானுங்களா?"

"ஆமா மேடம். ரெண்டும் நான் கட்டினதுதான்."

என் மூஞ்சியைப் பாத்தாங்க. பாத்தீங்களா நெனச்சீங்களான்னு கேக்கல. பேனாவை எடுத்து, பென்சில் போடாம நேரா, 'இரண்டும் ஏகாம்பரம்'னு எழுதினாங்க.

எனக்கு மெமோ வந்துச்சு. ஆறு மாசம் என் கையெழுத்து செல்லாதுன்னு நிறுத்தி வெச்சாங்க. நியாயம்தான். டில்லிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "உடு நைனா, நீ சொல்லாங்காட்டி என் பொயப்பு போயிருக்கும்"னான், ஆனா ரெண்டு நாள் சரியாப் பேசல. செக்லிஸ்ட்ல பதினேழாம் கேள்வியை அந்த வாரமே மேடம் கைப்பட எழுதினாங்க.

ரெண்டு ஜாயிண்ட்டையும் டில்லியே புதுசா போட்டான். லைனை ஓடவிட்ட அன்னிக்கு என் கையெழுத்து இல்ல, கீழ நிக்கணும்னு அவசியமும் இல்ல. நின்னேன். மேடமும் நின்னாங்க. மேல குழாய்க்குள்ள வெந்நீர் ஏறுது, உலோகம் முறுக்கிக்கிட்டு முனகுது. அப்பப் பாத்து சாப்பாட்டு மணி அடிச்சுது. கயிறு கட்டியிருந்தாங்க, எல்லாரும் பின்பக்கமா சுத்திப் போனாங்க. மல்லிகா மட்டும் கயித்துக்கு அடியில நுழைஞ்சு வந்துட்டா.

"இன்னாயா இங்க நின்னுகினு கீற? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போயிகீது?"

"போடி, பின்னாடி சுத்திப் போ."

"நீ இங்க நிப்ப, நான் மட்டும் போயி சோறு துண்ணணுமா?" டிபன் பாக்ஸைக் கீழ வெச்சுட்டு, பக்கத்துல வந்து நின்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. மேடம் கொஞ்சம் நகர்ந்து எடம் விட்டாங்க. பத்து நிமிஷம். என் ஆயுசுலயே நீளமான பத்து நிமிஷம் அது.

பம்ப் ரூம் மூட்டையைப் பத்தி இன்னி வரைக்கும் நான் அவகிட்ட வாயைத் திறக்கல. அவளும் எங்கிட்ட கேட்டதில்ல. தெரிஞ்சா அவளுக்கு அப்புறம் தூக்கம் வராது. ஒருத்தருக்குத் தூக்கம் வராம இருக்கிறது போதும். அதனால கீர்த்தனா, இதை மீட்டிங்ல படி, சிரிச்சவங்க எல்லாருக்கும் காட்டு. வத்தக்குழம்பு கத்துக்க ஆன்ட்டிகிட்ட வர்றியே, அப்ப மட்டும் இந்தப் பேச்சை எடுத்துடாத.

எங்க வீட்டு வாசல்ல இப்பவும் ஒண்ணு தொங்குது. அவதான் கட்டினா, மஞ்சள் துணிதான். கட்டட்டும். கதவு மரம், நிலை மரம், ஆணி மட்டும் இரும்பு. மழைக்காலம் முடிஞ்சதும் வருஷா வருஷம், அவ கடைக்குப் போன நேரமாப் பாத்து, அந்த ஆணியைப் புடுங்கிட்டுப் புது ஆணி அடிச்சு வெச்சுடுவேன்.